வட்டியும் ஒரு பில்தான்

கரண்ட் பில்லை எப்படிக் குறைப்பது என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர்கள் குறைவு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன், அதனால் ஊர் வீட்டுக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தால்கூட பக்கத்து இலையிலிருந்து ஒரு மாமா, "பாப்பா, ரெண்டு மாசத்துக்கு ரெண்டாயிரத்து எரநூறு வருது, என்ன பண்றது?" என்று ஆரம்பிப்பார். சொல்கிறேன், கீழே கரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு. மாசம் எவ்வளவு வட்டி கட்டுறீங்க? டியூ எவ்வளவு என்று கேட்கவில்லை, அதில் வட்டி மட்டும் எவ்வளவு? பால் கணக்கைப் பைசா சுத்தமாகச் சொல்கிறவர்கள்கூட இதற்கு மேலே பார்க்கிறார்கள்.

என் சித்தி மகனும் அப்படித்தான் பார்த்தான். அவனைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பேர் மட்டும் வேண்டாம் என்றான். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை. வெள்ளி 2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது, வருடக் கடைசியில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. விலை ஏறினால் கொலுசு செய்கிறவனுக்கு நல்லதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கூலி எடைக்குத்தான், விலைக்குக் கிடையாது. விலை ஏற ஏற வாங்குகிறவர்கள் எடையைக் குறைத்துக்கொள்கிறார்கள், பட்டறைக்கு வருகிற ஆர்டர் குறைகிறது, கூலியும் கூடவே குறைகிறது. அவன் வீட்டில் அதுதான் நடந்தது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, எதையாவது குறைச்சுக் குடு" என்றான். நோட்டில் கரண்ட், கேஸ், பால், போன் எல்லாம் வரிசையாக இருந்தது. வட்டி என்று ஒரு வரி இல்லை.

சரி என்று பின்பக்கம் திருப்பி நான் எழுத ஆரம்பித்தேன். நகை அடகு ஒரு லட்சத்து இருபதாயிரம், தனியார் வட்டிக்கடையில், ரெண்டு ரூபாய் வட்டி. நூற்றுக்கு மாசம் ரெண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், மாசம் 2,400 ரூபாய். கிரெடிட் கார்டில் 38,000 பாக்கி, ஒவ்வொரு மாசமும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறான். மாசத்துக்கு மூன்றரை சதவீத வட்டி, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 1,570. வண்டிக் கடனில் மீதி 45,000, அதன் வட்டி சுமார் 800. அவன் மனைவி பேரில் மகளிர் குழுவில் எடுத்ததில் மீதி 30,000, அதற்கு 600. அப்புறம் தண்டல், தினம் வந்து வசூலிக்கிற கடன், அதில் ஒரு 300. கூட்டினால் 5,670. இதில் அசல் ஒரு ரூபாய் கிடையாது.

நோட்டின் முன்பக்கத்தில் இருந்த பால், கரண்ட், கேஸ், போன் நான்கையும் கூட்டினேன். நாலாயிரத்துச் சொச்சம். அந்த வீட்டிலேயே பெரிய பில் வட்டிதான், அது நோட்டிலேயே இல்லை.

இதில் இரண்டு கணக்கை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். வண்டிக் கடைக்காரர் "ஒரு ரூபா வட்டிதாங்க, பேங்க் மாதிரியேதான்" என்பார். ஒரு லட்சம் வாங்குகிறீர்கள், இரண்டு வருடம், வருடத்துக்கு 12 சதவீதம், வட்டி 24,000, மொத்தம் 1,24,000, அதை 24 ஆல் வகுத்தால் மாசம் 5,167. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் மாசா மாசம் அசலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், ஒரு வருடம் கழித்து உங்கள் கையில் அவர் பணம் கிட்டத்தட்டப் பாதிதான் இருக்கிறது, வட்டி மட்டும் கடைசி வரை முழு லட்சத்துக்கும் போட்டாகிவிட்டது. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் அது 21, 22 சதவீதக் கடன். வங்கி சொல்லும் 12ம் இவர் சொல்லும் 12ம் வேறு வேறு. கடன் வாங்கும்போது "குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம், அதை எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள்.

தண்டல் இன்னும் மோசம், ஆனால் யாருக்கும் அப்படித் தெரிவதில்லை. பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் 9,000 கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய், நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே, பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். அந்த 9,000 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே கரைகிறது. சராசரியாகப் பார்த்தால் ஐம்பது நாளுக்குத்தான் அந்தப் பணம் உங்களுடையது. வருடக் கணக்கில் அது 75 சதவீதத்துக்கு மேல் போகிறது. அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் மாலையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஒருத்தர் பையோடு வருவார், எல்லோரும் அவரிடம் சிரித்துப் பேசுவார்கள், ஆள் நல்லவர்தான், வட்டி அவரைவிட வேகமாக ஓடுகிறது.

முதலில் கையை வைத்தது நகை அடகில். காரணம் சுலபம், நகைக்கு எங்கே போனாலும் மதிப்பு ஒன்றுதான், வட்டிதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ 9, 10 சதவீதத்தில் கிடைக்கிற கடனை 24 சதவீதத்தில் வைத்திருக்கிறோம், ஏன் என்றால் வட்டிக்கடை தெருமுனையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது, யாரும் ஆதார் நகல் கேட்பதில்லை. அந்த வசதிக்குத்தான் மாசம் 1,400 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தான். மாற்றுவதில் ஒரே சிக்கல், மீட்பதற்கு ஒரு நாளைக்கு முழுப் பணமும் கையில் வேண்டும். சித்தியிடம் ஏலச்சீட்டு எடுத்த பணம் இருந்தது. "காலையில குடுத்தா பொழுதோட வந்துரணும் கண்ணு, நாளைக்கு நான் ஒருத்தருக்குக் குடுக்கணும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள், மகன்தான் என்றாலும் சித்தி கணக்கில் கறார். காலையில் மீட்டு, மத்தியானம் வங்கியில் வைத்து, சாயங்காலம் சித்தி கையில் பணம் போய்விட்டது. வட்டி 2,400லிருந்து ஆயிரத்துக்கு வந்தது.

வங்கியில் ஒன்று நடந்தது, அதைச் சொல்ல வேண்டும். 2025 கடைசியில் பவுன் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது இல்லையா, அதனால் அதே நகைக்கு இன்னும் நிறையக் கடன் கிடைக்கும் என்று அங்கே சொன்னார்கள், தப்பாகச் சொல்லவில்லை, அவர்கள் வேலை அது. தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டவில்லை. தங்கம் விலை ஏறும்போது மறு அடகு வைத்துக் கூடுதலாக வாங்குவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது, நகை அதேதான், கடன் மட்டும் வளர்கிறது, ஒரு நாள் விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கொண்டு வந்து கட்டு என்பார்கள் அல்லது ஏலத்துக்குப் போகும். இன்னொன்று, நகைக்கடனுக்கு வருடம் முடிவில் மொத்தமாகக் கட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். முடிந்த வரை மாசா மாசம் வட்டியையாவது கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பன்னிரண்டாவது மாசம் வட்டி கட்டுவதற்காக மறுபடி ஒரு கடன்.

அடுத்தது கார்டு. வெட்டிப் போடு என்று எல்லோரும் சொல்வார்கள், வெட்டினால் பாக்கி போகாது. பாக்கி வைத்திருக்கிற கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், அந்த நாற்பது ஐம்பது நாள் இலவசம் என்பதெல்லாம் முழுத் தொகை கட்டுகிறவர்களுக்குத்தான். ஆகவே முதலில் அதில் வாங்குவதை நிறுத்தச் சொன்னேன். அப்புறம் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பாக்கியைத் தவணையாக மாற்றிக்கொண்டான், 16 சதவீதத்தில். 40 சதவீதத்துக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய இறக்கம், மாசம் ஆயிரத்துக்குப் பக்கம் குறைந்தது. நாமாகக் கேட்டால்தான் கொடுக்கிறார்கள்.

இந்த இரண்டிலுமாக மாசம் 2,400 ரூபாய். வீட்டில் ஒரு ஃபேனைக்கூட நிறுத்தவில்லை, ஒரு டம்ளர் பால் குறைக்கவில்லை.

தண்டல் தானாக நூறு நாளில் முடிந்தது, புதிதாக எடுக்கவில்லை. இங்கேதான் எனக்குப் பிடித்த வேலை ஒன்று செய்தோம். தினமும் நூறு ரூபாய் எடுத்து வைக்கிற பழக்கம் அவன் மனைவிக்கு ஏற்கெனவே இருக்கிறது, மழை வந்தாலும் விசேஷம் வந்தாலும் அந்த நூறைத் தனியாக வைத்துவிடுவாள். கடன் வாங்குகிறவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று பேசுகிறவர்கள் ஒரு தண்டல் அட்டையைப் பார்த்ததில்லை. தண்டல்காரர் வருவது நின்ற மறுநாளும் அந்த நூறை எடுத்து டப்பாவில் போடு என்றேன். "யாருக்குங்க அண்ணி கட்றது?" என்று கேட்டாள். "கார்டுக்கு" என்றேன். மாசம் மூவாயிரம் அந்த வழியில் போய்க் கார்டுப் பாக்கி சீக்கிரமாகவே கரைந்தது.

எந்தக் கடனை முதலில் முடிப்பது என்று பெரிய விவாதமே உண்டு. வட்டி அதிகமானதை முதலில் என்பது கணக்கு. சின்னதை முதலில் முடி, தெம்பு வரும் என்பது இன்னொரு கட்சி. நான் கணக்குக் கட்சிதான், ஆனால் வீட்டு வாசலில் வந்து நிற்கிற கடன் ஒன்று இருந்தால் அதை முன்னால் தள்ளுவேன், வட்டி கொஞ்சம் குறைவாக இருந்தாலும். வாசலில் ஆள் நிற்கிற வீட்டில் யாராலும் நிதானமாக நோட்டு எழுத முடியாது.

இந்தக் கடனெல்லாம் எப்போது எடுத்தாய் என்று தேதி கேட்டுக்கொண்டே வந்தேன். தண்டல் ஜூன், ஸ்கூல் ஃபீஸ். நகை முதலில் வைத்தது ஒரு ஜூன், பிறகு சேர்த்து வைத்தது ஐப்பசி, தீபாவளி. கார்டில் ஏறியதில் பாதி ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீடு நிறைய ஆள். மாசா மாசம் வருகிற பில் எதுவும் அவனைக் கடனில் தள்ளவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வருகிறது பாருங்கள், எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த செலவு, ஆனால் அந்த மாசம் வரும் வரை யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு செலவு, அதுதான். ஃபீஸ், பண்டிகைகள், வண்டி இன்ஷூரன்ஸ், வீட்டு வரி எல்லாம் கூட்டினால் அவனுக்கு வருடத்துக்கு அறுபதாயிரம் வந்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாசம் ஐயாயிரம். வட்டியாகப் போய்க்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதே பணம். இப்போது வட்டி குறைய குறைய, மிச்சம் அதற்கென்றே தனியாகத் திறந்த சேமிப்புக் கணக்குக்குப் போகிறது, அதற்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை.

வீட்டு வரி என்றதும் ஞாபகம் வருகிறது. மாநகராட்சிக்கு அரையாண்டு வரியை ஏப்ரல் மாசத்துக்குள்ளும் அக்டோபர் மாசத்துக்குள்ளும் கட்டிவிட்டால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஆன்லைனிலேயே கட்டலாம். எப்படியும் கட்டப் போகிற பணத்துக்கு ஒரு மாசத்தில் 5 சதவீதம் வேறு யாரும் தர மாட்டார்கள்.

இனி கரண்ட். எல்லோரும் காத்திருந்தது இதற்குத்தானே.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு கணக்கு, இது தெரியும். 500 என்ற எண்ணில் ஒரு பள்ளம் இருப்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. 2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன், அதில் முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101லிருந்தே 4.70 தான், 500க்கு மேல் ஓடியதற்கு 8.40. அதனால் 490 யூனிட் ஓடினால் 1,742 ரூபாய், 520 ஓடினால் 2,208. முப்பது யூனிட்டுக்கு 466 ரூபாய் வித்தியாசம், அதாவது யூனிட் பதினைந்து ரூபாய்க்கு மேல். பந்தியில் கேட்ட மாமாவின் 2,200 எங்கே நிற்கிறது என்று இப்போது புரியும். அவர் பாதியாகக் குறைக்க வேண்டியதில்லை, முப்பது யூனிட் குறைத்தால் போதும்.

முப்பது யூனிட் எங்கே கிடைக்கும்? சேலத்துக் கோடையில் ஃபேனை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வராது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாசத்துக்கு 40 யூனிட் மிச்சம். வீடு முழுக்க மாற்றாதீர்கள், ஹாலில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எப்போதாவது படுக்கிற அறைக்கு மூவாயிரம் போட்டு ஃபேன் வாங்கினால் அது சம்பாதித்துத் தர வருடக்கணக்கில் ஆகும். 500ஐ ஒட்டி நிற்கிற வீட்டில் ஹால் ஃபேன் ஒரு வருடச் சொச்சத்தில் தன் விலையை எடுத்துவிடும். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் அது தூங்குகிறது, நிற்கவில்லை. பத்து வாட் என்று வைத்தாலும் இரண்டு மாசத்தில் 14 யூனிட், சுவிட்சில் அணையுங்கள். கெய்சர் 2,000 வாட், தினம் அரை மணி என்றால் 60 யூனிட், ஏப்ரல் மே மாசத்தில் நம் ஊர் மொட்டை மாடித் தொட்டியே கெய்சர்தான், அப்புறம் எதற்கு அது? செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைத்தால் பில் குறையும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுத் தள்ளுங்கள், அதில் ஒன்றும் கிடையாது.

அப்புறம் கணக்கெடுக்க வருகிற தேதி. 60 நாளில் வர வேண்டியவர் ஐந்தாறு நாள் தள்ளி வந்தால் அந்த நாட்களின் யூனிட்டும் இந்தக் கணக்கில் ஏறி உங்களை 500க்கு மேல் தள்ளிவிடலாம். கணக்கெடுத்த அன்று மீட்டர் எண்ணைக் காலண்டரில் எழுதிவிடுங்கள், ஒரு நாளைக்கு 8 யூனிட் என்று மனதில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு என்று போகிறதென்றால் வீட்டில் ஏதோ இழுக்கிறது, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அது தண்ணீர் மோட்டார், தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

மே மாசத்தில் வருகிற இன்னொரு செலவு விருந்தாளி. சேலத்துக்கு வந்துவிட்டு ஏற்காடு பார்க்காமல் போவதா என்று குடும்பமாக இறங்குவார்கள், நாம் டாக்சி பிடிக்க வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒவ்வொரு குழந்தையாக வாந்தி எடுக்க வேண்டும், மேலே போய் படகு, மிளகாய் பஜ்ஜி, காபித்தூள். பஸ்ஸில் கூட்டிப் போங்கள். வாந்தி அதிலும் உண்டு, டாக்சிக் காசு மிச்சம்.

மளிகைக்கு வந்தால் நான் மண்டியில் இருப்பதால் ஒன்று சொல்ல முடியும். லீ பஜாரில் மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பாதிதான் உண்மை. புளி, மிளகாய் இரண்டும் மாசி பங்குனியில் புதுசு வரும்போது வருடத்துக்கு வாங்கி நன்றாகக் காயவைத்து வைத்தால் லாபம், துவரம் பருப்பு மூன்று மாசத்துக்கு வாங்கலாம். நிலக்கடலை, முந்திரி, சர்க்கரை, எண்ணெய் மூட்டையாகவோ டின்னாகவோ வீட்டுக்கு வந்தால் கை தாராளமாகிவிடும், சேமித்ததற்கு மேல் தின்று தீர்த்துவிடுவோம். அரிசி மூட்டை 26 கிலோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள், உடனே ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26 ஆக்கிவிட்டார்கள், வரி இல்லை. ஆகவே மூட்டை வாங்குகிறவர்கள் கிலோ விலை பார்த்து வாங்குங்கள், மூட்டை விலையை ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

ரேஷனை விட்டுக்கொடுக்காதீர்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, வெளியே இந்த விலைக்குக் கனவிலும் கிடையாது. கௌரவம் பார்த்து ரேஷன் கடைக்குப் போகாமல் ரெண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குகிற வீடுகள் எனக்குத் தெரியும். காய்கறிக்கு உழவர் சந்தை, சூரமங்கலமோ தாதகாப்பட்டியோ எது பக்கமோ அது. வாசலில் விலைப் பலகை இருக்கும், பார்த்துவிட்டு உள்ளே போனால் பேரமே வேண்டாம்.

போன் விஷயத்தில் பெரியவர்களைக் கவனியுங்கள். சித்தி வைத்திருப்பது பட்டன் போன், அதற்கு மாசா மாசம் டேட்டாவோடு ரீசார்ஜ் போய்க்கொண்டிருந்தது. டேட்டா இல்லாமல் பேசுவதற்கு மட்டும் திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது, அடுத்த மாசமே கம்பெனிகள் கொண்டுவந்தன, ஆனால் கடையில் நாமாகக் கேட்காமல் அதைக் காட்டுவதில்லை. அதேபோல யுபிஐ செயலியில் ஆட்டோபே என்று ஒரு பக்கம் இருக்கும், திறந்து பாருங்கள். யாரோ எப்போதோ ஒரு ரூபாய்க்கு ஒரு மாசம் என்று ஆரம்பித்த படம் பார்க்கிற செயலி, பாட்டுச் செயலி எல்லாம் அமைதியாகக் காசு எடுத்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிட வேலை.

எதைக் குறைக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காப்பீடு. கையில் காசு இறுகினால் முதலில் நிறுத்துவது அதைத்தான், மூன்றாவது மாசம் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஐந்து வருடச் சேமிப்பும் போய் மேலே கடனும் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, ஆகவே முன்பு 18 சதவீத வரியோடு விலை கேட்டுப் பின்வாங்கியவர்கள் இப்போது மறுபடி கேட்டுப் பாருங்கள். அடுத்தது டீ. சாயங்காலம் ஒரு டீயும் ஒரு தட்டுவடை செட்டும் சாப்பிடுகிறவனைப் பார்த்து அதை நிறுத்தினால் கடன் அடையும் என்று உபதேசம் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதை நிறுத்திக் கடன் அடைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பட்டறையில் குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிறவன் வெளியே வந்து நிற்பது அந்தக் கால் மணி நேரம்தான்.

வீட்டுக் கடன் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2025 பிப்ரவரியில் 6.50 சதவீதத்திலிருந்து இறங்க ஆரம்பித்த ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி, டிசம்பரில் 5.25க்கு வந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டியில் வாங்கியவர்களுக்கு இந்த இறக்கம் தானாக வந்திருக்கும். அதற்கு முன்னால் எம்சிஎல்ஆர், பேஸ் ரேட் என்ற பழைய வட்டி முறைகளில் வாங்கியவர்களுக்கு முழுசாக வந்திருக்காது, வங்கிக்குப் போய் ரெப்போ கணக்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும், சின்னக் கட்டணம் ஒன்று வாங்குவார்கள். வட்டி குறைந்தால் தவணைத் தொகையைக் குறைக்காதீர்கள், அதே தொகையைக் கட்டிக்கொண்டு காலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனில் இடையில் போனஸோ சீட்டோ வந்து கூடுதலாகக் கட்டினால் தனிநபருக்கு அபராதம் கிடையாது, இதைக் கிளையில் யாராவது வேறு மாதிரி சொன்னால் எழுதிக் கேளுங்கள்.

தம்பிக்கு இப்போது தண்டல் இல்லை, கார்டு இல்லை, வண்டிக் கடனும் முடிந்தது. நகையும் குழுவும் மிச்சம். தீபாவளிச் சீட்டை மட்டும் விட மாட்டேன் என்கிறான், பலகாரத்தோடு பட்டாசும் வெள்ளி டம்ளரும் தருகிறார்களாம். வெள்ளிப் பட்டறையில் வேலை செய்கிறவனுக்குச் சீட்டுப் பிடித்து வெள்ளி டம்ளர். நான் எதுவும் சொல்லவில்லை.

கடன் முடிந்ததும் செய்ய வேண்டியதைப் பாதிப் பேர் செய்வதில்லை. கடைசித் தவணை கட்டிய அன்றே பாக்கி எதுவும் இல்லை என்று கடிதம் வாங்குங்கள். வீட்டுக் கடன் என்றால் மூலப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வங்கி பக்கம் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி, 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. வண்டிக் கடன் என்றால் அந்தக் கடிதத்தையும் படிவம் 35ஐயும் வாங்கி ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து ஆர்சி புத்தகத்திலிருந்து ஃபைனான்ஸ் பேரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்கும்போது அலைய வேண்டியதுதான். தம்பி கடிதம் வாங்கிவிட்டான். ஆர்டிஓவுக்கு வெள்ளிக்கிழமை போகிறேன் என்கிறான், எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டால் சிரிக்கிறான்.